தொட்டில் குழந்தை மேல் ஒரு வழக்கு

80 குதிரைகள். ஆப்பிரிக்கா முழுக்கத் தேடிப் பிடித்து, ஏழைகளின் காசில் தீனி போட்டுக் கொழுக்க வைத்தவை. எண்பதுக்கு மேலேயும் இருக்கலாமாம். அவற்றைக் கப்பலேற்றி இத்தாலிக்குக் கொண்டுபோய், சக்கரவர்த்தியின் படை அதிகாரிகளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்து, பதிலுக்கு ஓர் அரசாணை வாங்கி வந்தார்கள். ஆணையின் சாரம் இதுதான்: மனிதன் பிறவியிலேயே பாவி, இல்லை என்று சொல்கிறவன் ரோமாபுரியைக் காலி செய்ய வேண்டும்.

இப்படி எழுதி வைத்தவர் ஜூலியன் என்கிற பிஷப். குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனதாக அவர் கைகாட்டியது அலிப்பியுஸ் என்கிற பிஷப்பை. யாருடைய கொள்கைக்காகக் குதிரை போனதோ அவர் அகஸ்டின், அவரும் பிஷப். ஒன்று நீர் பொய் சொல்கிறீர், இல்லையென்றால் உமக்கு விஷயமே தெரியாது என்கிற பாணியில் அகஸ்டின் மறுத்துவிட்டார். ரசீது எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை. தீர்ப்புச் சொல்ல வழியில்லை. ஆனால் குதிரை போனது உண்மையென்றால் அகஸ்டின் கோஷ்டி பாவம் செய்தது. பொய்யென்றால் ஜூலியன் பாவம் செய்தார். எப்படிப் பார்த்தாலும் ‘மனிதன் பாவி’ கட்சிக்கே ஒரு ஓட்டு. மனிதன் அடிப்படையில் நல்லவன் என்று நிரூபிக்கக் கிளம்பியவர்களுக்கு அந்த வழக்கு நடந்த காலம் முழுக்க இதே தலைவலிதான். கூண்டில் ஏறியவர்கள் அத்தனை பேரும், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், ‘பாவி’ கட்சிக்கே சாதகமாக நடந்துகொண்டு இறங்கிப் போனார்கள்.

அகஸ்டினிடமிருந்தே ஆரம்பிக்கலாம். தம்மைப் பற்றிப் பேசுவதில் மனுஷர் கஞ்சத்தனமே காட்டியதில்லை. 354-இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அது அல்ஜீரியாவில் இருக்கிறது. அம்மா மோனிகா பக்திப் பழம். அப்பாவுக்கும் பக்திக்கும் தூரம் அதிகம். கடைசிக் காலத்தில்தான் ஞானஸ்நானம் வாங்கினார். படிப்பைத் தொடரக் காசில்லாமல் ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருந்தபோது, 16 வயது அகஸ்டின் கூட்டாளிகளோடு சேர்ந்து இரவோடு இரவாக அடுத்தவர் மரத்தில் பேரிக்காய் திருடினார். பசியில்லை. வீட்டில் இதைவிட நல்ல பழம் இருந்தது. திருடியதில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். விஷயம் அவ்வளவுதான். நம்மூரில் மாங்காய் அடிக்காத பையன் இருந்தால் டாக்டரிடம் காட்டுவார்கள்.

அகஸ்டின் அப்படி விடவில்லை. நாற்பது வயதுக்கு மேல், ஹிப்போ நகரத்து பிஷப்பாக உட்கார்ந்துகொண்டு ‘அறிக்கைகள்’ எழுதும்போது, அந்தப் பேரிக்காயைப் பக்கம் பக்கமாக விசாரிக்கிறார். பசிக்குத் திருடினால் பசி மேல் பழி போடலாம். ஆசைக்குத் திருடினால் ஆசை மேல் போடலாம். எதற்குமே இல்லாமல், திருட்டு என்பதற்காகவே திருடினேன் என்றால் என்னுள் என்ன இருக்கிறது? கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு சங்கதி வருகிறது. சுமார் 15 வருஷம் அவரோடு மனைவியாகவே வாழ்ந்து, ஒரு மகனையும் பெற்றுக் கொடுத்த பெண்ணை, நல்ல இடத்தில் வரன் அமைந்ததும் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். நிச்சயம் செய்த சிறுமிக்குக் கல்யாண வயது வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அதுவரை பொறுக்காமல் இடையில் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டார். ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிய அந்த அம்மாளுக்குச் சில வரிகள்தான், பெயர்கூட இல்லை. பேரிக்காய் மரத்துக்கு அந்த அம்மாளைவிட அதிக இடம். பாவத்தின் ஆழத்தை அளந்த மேதைக்கு அளவுகோல் எங்கே நீளும், எங்கே சுருங்கும் என்று நம்மால் சொல்ல முடிவதில்லை.

இளமையில் கற்பைக் கொடு ஆண்டவரே என்று ஜெபித்ததாகவும், கூடவே ஒன்றும் அவசரமில்லை என்று சேர்த்துக்கொண்டதாகவும் அவரே ஒப்புக்கொள்கிறார். 387-இல் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். கல்யாணம் நடக்கவே இல்லை. 

அதே புத்தகத்தில்தான் நம் கதாநாயகக் குழந்தையும் வருகிறது. கைக்குழந்தை ஒன்று, தன்னோடு பால் குடிக்கும் இன்னொரு குழந்தையை முகம் வெளுத்து, கண்ணை உருட்டி முறைத்ததைத் தாமே பார்த்ததாக எழுதுகிறார் அகஸ்டின். பேச்சு வராத வயதில் பொறாமை! முடிவு: குழந்தை யாருக்கும் கெடுதல் செய்யாமல் இருப்பதற்குக் காரணம் கை கால்களில் பலமில்லாததுதான், மனசு என்னவோ தயாராகத்தான் இருக்கிறது. இரட்டைக் குழந்தை பெற்றவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் அதிலிருந்து நரகம் வரை போகவும் மாட்டார்கள்.

இனி எதிர்க்கட்சி. பெலாஜியஸ் பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்தவர். குருப்பட்டம் கிடையாது, சந்நியாசி மாதிரி வாழ்ந்த சாதாரண விசுவாசி. ஒழுக்கத்தில் குறை சொல்ல எதிரிகளுக்கே ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததால் உடம்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்பெயின் நாட்டு குரு ஒரோசியுஸ், அகன்ற தோள், தடித்த கழுத்து, நெற்றியில்கூடக் கொழுப்பு என்று அங்க அடையாளம் எழுதினார். பைபிளை லத்தீனில் தந்த மகா பண்டிதர் ஜெரோம், ஸ்காட்காரன் கஞ்சியைக் குடித்துக் குடித்துக் கனத்துப்போன மண்டு என்றார். வேதாகம வியாக்கியானம் ஒன்றின் முன்னுரையில், எரேமியா தீர்க்கதரிசியைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில், இந்தக் கஞ்சி வருகிறது. பிற்காலத்தில் இந்த ஜெரோமுக்கும் புனிதர் பட்டம்.

ரோமில் ஒருநாள் ஒரு பிஷப், அகஸ்டினின் புத்தகத்திலிருந்து ஒரு ஜெப வாக்கியத்தை பெலாஜியஸின் காதுபட மெச்சிப் படித்தார். நீ கட்டளையிடுவதைச் செய்யும் சக்தியை நீயே கொடு, பிறகு எதை வேண்டுமானாலும் கட்டளையிடு என்று கடவுளிடம் கேட்கும் வாக்கியம் அது. பெலாஜியஸ் கொதித்துப்போய், கிட்டத்தட்டச் சண்டைக்கே போய்விட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ரோமாபுரிப் பெரிய மனிதர்கள் கிறிஸ்தவத்துக்கு வந்தது அந்தக் காலத்தில் பதவி உயர்வுக்கு உதவும் ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை கோயில், திங்கட்கிழமை பழைய குருடி. ஏனய்யா இப்படி என்று கேட்டால், நாங்கள் மனிதர்கள்தானே, சதை பலவீனமானது, ஆதாம் செய்த வினை என்று இழுப்பார்கள். பெலாஜியஸுக்கு இந்த ஆதாம் சாக்கைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆதாம் செய்தது ஆதாமோடு போயிற்று, கெட்ட முன்மாதிரி காட்டினான், அவ்வளவே என்றார். கடவுள் முடியாததைக் கேட்க மாட்டார், கேட்டிருக்கிறார் என்றால் உன்னால் முடியும். நீ நல்லவனாகப் படைக்கப்பட்டவன். ஆகவே இருந்து காட்டு.

கேட்பதற்குத் தேனாக இருக்கிறது. இரண்டு நாள் இவருடைய பேச்சைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். மனிதன் நல்லவன் என்றால் அவன் செய்யும் ஒவ்வொரு தப்புக்கும் அவனே முழுப் பொறுப்பு. சாக்கு, சலுகை, தள்ளுபடி எதுவும் கிடையாது. அகஸ்டினோ மனிதன் நோயாளி என்றார். நோயாளி வழுக்கி விழுந்தால் தூக்கி உட்கார வைப்பார்கள். மனித இயல்பைப் புகழ்ந்தவர் மனிதர்களிடம் கடுமையாகவும், இகழ்ந்தவர் கொஞ்சம் இளக்கமாகவும் இருந்ததுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த கோணல்.

இருவரும் யார் முன்னால் உட்கார்ந்து யோசித்தார்கள் என்று பார்த்தால் இது புரியும். பெலாஜியஸின் அவை ரோமாபுரியின் பிரபு வம்சங்கள். படிப்பு, ஓய்வு, அடிமைகள் எல்லாம் இருந்த, பரிபூரணம் அடைவதற்கு வசதியுள்ள சீமாட்டிகள். அகஸ்டினின் ஹிப்போ ஒரு துறைமுகப் பட்டினம். அந்தக் காலத்தில் பிஷப்பே சிவில் வழக்கும் விசாரிக்க வேண்டும். பாகப்பிரிவினை, கடன் பாக்கி, வரப்புத் தகராறு என்று பொழுதன்றைக்கும் அவர் முன்னால் ஆட்கள் நின்றார்கள்; இந்த வேலை படிக்கவிடாமல் உயிரை வாங்குகிறது என்று அவரே புலம்பியிருக்கிறார். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையை வருஷக்கணக்கில் விசாரித்த எந்த நீதிபதியும் ஜென்மப் பாவத்தை நம்பத்தான் செய்வார். அதற்கு ஆதியாகமம் படித்திருக்க வேண்டியதில்லை.

410 ஆகஸ்டில் அலாரிக் ரோமுக்குள் புகுந்து மூன்று நாள் சூறையாடினான். ரவென்னாவின் சதுப்பு நிலத்துக்குள் பத்திரமாக ஒளிந்திருந்த சக்கரவர்த்தி ஹொனோரியுஸுக்கு ‘ரோமா போய்விட்டது’ என்று சேதி போனதாம். ‘இப்போதுதானே என் கையால் தீனி தின்றது’ என்று அவர் பதறினாராம். ரோமா என்பது அவர் வளர்த்த கோழியின் பெயர். ஊர்தான் போயிற்று என்று தெரிந்ததும் ஆசுவாசப்பட்டாராம். நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து புரோகோபியுஸ் என்ற சரித்திர ஆசிரியர் எழுதிய வம்பு இது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஜென்மப் பாவம் உண்டா இல்லையா என்று சட்டபூர்வமாகத் தீர்ப்புச் சொல்லப் போகிறவர் இவர்தான் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அகதிக் கூட்டத்தோடு கூட்டமாக பெலாஜியஸ் ஆப்பிரிக்காவில் வந்து இறங்கினார். இறங்கிய இடம் ஹிப்போ! அகஸ்டின் ஊரில் இல்லை. பிறகு கார்த்தேஜில் ஒன்றிரண்டு முறை முகத்தைப் பார்த்தாராம், பேசவில்லை. அகஸ்டினுக்கு அப்போது வேறொரு கோஷ்டிச் சண்டை. தோனாத்துக்காரர்கள் என்ற போட்டிச் சபையோடு 411 ஜூனில் கார்த்தேஜில் பெரிய விவாதம்; இரு பக்கமும் சேர்த்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பிஷப்புகள் கூடிவிட்டார்கள். அந்த அமளியில், மேற்கத்திய கிறிஸ்தவத்தின் தலையெழுத்தையே எழுதப்போகும் இரண்டு பேரும் ஒரு வணக்கம்கூடச் சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பெலாஜியஸ் ஒரு கடிதம் அனுப்பினார்; அகஸ்டின் மரியாதையாக நாலு வரியில் பதில் போட்டார். அந்த நாலு வரி பின்னால் அவர் கழுத்தைச் சுற்றப் போகிறது.

பெலாஜியஸ் கப்பலேறிப் பாலஸ்தீனத்துக்குப் போய்விட்டார். கூட வந்த சீடர் செலஸ்தியுஸ் கார்த்தேஜிலேயே தங்கிக் குருப்பட்டத்துக்கு விண்ணப்பித்தார். குரு தந்திரமாகப் பேசுவார். சீடருக்கு வாயில் பூட்டே கிடையாது. ஆதாம் பாவம் செய்யாவிட்டாலும் செத்திருப்பான். அவன் பாவம் அவனை மட்டுமே கெடுத்தது. இன்று பிறக்கும் குழந்தை பாவம் செய்யுமுன் ஆதாம் இருந்த அதே நிலையில்தான் பிறக்கிறது என்றெல்லாம் வெளிப்படையாகப் பேசினார். மிலானிலிருந்து வந்திருந்த பவுலினுஸ் என்ற டீக்கன் புகார் கொடுக்க, விசாரணை நடந்தது. இப்படி வேறு யார் சொல்லியிருக்கிறார்கள், பேரைச் சொல் என்றார்கள். ரோமில் ரூஃபினுஸ் என்ற குரு சொன்னதாகச் சொன்னார். இன்னொரு பேர் சொல் என்றார்கள். ஏன், ஒரு குரு பத்தாதா என்று திருப்பிக் கேட்டார். பட்டம் கிடைக்கவில்லை, கண்டனம் கிடைத்தது. சளைக்காமல் எபேசுக்குப் போய் அங்கே பட்டம் வாங்கிக்கொண்டார்.

நடுவில் ஒரு பெண்ணின் கதை. அனிசியர் குலம் என்றால் ரோமில் பணத்துக்கும் பெருமைக்கும் முதல் வரிசை. அந்த வீட்டுப் பேத்தி தெமேத்ரியா கல்யாணத்தை உதறிவிட்டுக் கன்னியாக வாழ முடிவு செய்தாள். வீட்டுப் பெரியவர்கள், ‘குழந்தைக்கு ஒரு புத்திமதி எழுதிக் கொடுங்கள்’ என்று ஊரிலுள்ள பெரியவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார்கள். ஜெரோம் எழுதினார். பெலாஜியஸ் எழுதினார், 413 வாக்கில். அவருடைய கடிதம் ஒரு சிறு புத்தகம். மனித இயல்பு எவ்வளவு உயர்ந்தது, கிறிஸ்துவை அறியாத தத்துவ ஞானிகளே எவ்வளவு யோக்கியமாக வாழ்ந்தார்கள், உன்னால் முடியாதா என்று ஆரம்பித்து, அந்தச் சின்னப் பெண்ணின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்குக் கேட்கிறது. அதைப் பார்த்துப் பதறிய அகஸ்டின் அம்மாக்காரிக்கு எழுதினார்: உன் பெண்ணின் புண்ணியம் அவளுடைய சொந்தச் சம்பாத்தியம் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள், அந்த விஷத்தைத் தொடாதே. இத்தனை கிழவர்கள் தன் ஆத்துமாவின் உரிமைப் பத்திரத்துக்காக அடித்துக்கொண்டதைப் பற்றி அந்தப் பெண் என்ன நினைத்தாளோ!

415-இல் சண்டை பாலஸ்தீனத்துக்குப் போயிற்று. அகஸ்டின் அனுப்பிய ஒரோசியுஸ் எருசலேமில் பிஷப் யோவான் முன்னால் பெலாஜியஸ் மேல் குற்றம் சாட்டினார். ஒரோசியுஸுக்கு லத்தீன் மட்டும்தான், யோவானுக்கு கிரேக்கம் மட்டும்தான், மொழிபெயர்ப்பாளர் உருப்படியில்லாதவர். பெலாஜியஸ் இரண்டு மொழியிலும் வெளுத்து வாங்குவார். அகஸ்டினே உன்னை எதிர்த்து எழுதியிருக்கிறார் என்று சொன்னதற்கு, அகஸ்டின் எனக்கு யார் என்றார் பெலாஜியஸ். சபை கொதித்தது, வெளியே தள்ளுங்கள் என்று கத்தினார்கள். யோவான் அமைதியாக, இங்கே நான்தான் அகஸ்டின் என்று சொல்லிவிட்டார். ஏழு வாரம் கழித்து தெய்வ நிந்தனைக் குற்றச்சாட்டு வந்தது. பெலாஜியஸ் மேல் அல்ல, ஒரோசியுஸ் மேல்!

டிசம்பரில் தியோஸ்போலிஸ் ஊரில் 14 பிஷப்புகள் முறையாக விசாரித்தார்கள். புகார் கொடுத்தவர்கள் பதவி இழந்த இரண்டு பிஷப்புகள், கால் (Gaul) நாட்டுக்காரர்கள். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று இருவருமே வரவில்லை. செலஸ்தியுஸின் வாக்கியங்களைப் படித்துக் காட்டி இதெல்லாம் உன் உபதேசமா என்றார்கள். அவை என் வார்த்தைகள் அல்ல என்று சீடரை நடுத்தெருவில் விட்டார் குரு. அப்படிச் சொல்கிறவர்களைச் சபிப்பாயா என்றார்கள். சபிக்கிறேன், ஆனால் முட்டாள்கள் என்பதற்காகச் சபிக்கிறேன், பதிதர்கள் என்பதற்காக அல்ல என்றார். மனிதன் நினைத்தால் பாவமில்லாமல் வாழலாம் என்று உலகுக்குச் சொன்ன மனிதர், அன்று ஒரு மதியப் பொழுதைத் தாண்டுவதற்கே இந்த வளைசலெல்லாம் வளைய வேண்டியிருந்தது.

நன்னடத்தைச் சான்றாக அவர் நீட்டிய காகிதங்களில் ஒன்று, அகஸ்டின் முன்பு போட்ட அந்த நாலு வரி! ‘பிரியமான ஐயா’ என்று ஆரம்பித்து, உங்களுக்கு நலம் உண்டாகட்டும் என்று முடியும் மரியாதைக் கடிதம். பெலாஜியஸ் விடுதலை. நடவடிக்கைக் குறிப்பைப் படித்த அகஸ்டின் ஒரு புத்தகமே எழுத வேண்டியதாயிற்று. ‘ஐயா’ என்றது சம்பிரதாயம், ‘பிரியமான’ என்றது எல்லாருக்கும் போடுவது, கடவுள் உங்களுக்கு நன்மை தரட்டும் என்று எழுதியபோதே கிருபையைச் சூசகமாக நினைவுபடுத்தியிருக்கிறேன் பாருங்கள் என்று தன் கடிதத்துக்குத் தானே சொல்லுக்குச் சொல் உரை எழுதினார். போதாததற்கு, பெலாஜியஸ் தம் நூலில் ஆதாரமாக அகஸ்டினின் பழைய புத்தகத்தையே, சுயாதீனச் சித்தத்தைப் பற்றி அவர் வாலிபத்தில் எழுதியதையே, எடுத்துக் காட்டியிருந்தார். நான் சொன்னது அந்த அர்த்தத்தில் இல்லை என்று அதற்கும் ஒரு விளக்கம்.

அடுத்த காட்சி ரோம். ஆப்பிரிக்க பிஷப்புகள் இரண்டு சங்கம் கூட்டிக் கண்டித்துப் போப்பாண்டவர் இன்னொசெந்துக்கு எழுத, அவரும் 417 ஜனவரியில் ஆமோதித்துவிட்டு மார்ச்சில் காலமானார். பெலாஜியஸ் அவருக்கு அனுப்பிய சமாதானக் கடிதம் சாவகாசமாக வந்து சேர்ந்தபோது பிரித்தவர் அடுத்த போப்பாண்டவர் சோசிமுஸ். செலஸ்தியுஸும் நேரில் வந்து நின்றார். சோசிமுஸ் இருவரையும் ஆராய்ந்து, தங்கமான விசுவாசம், இப்படிப்பட்டவர்கள் மேல் அவதூறா என்று கேட்டவர்கள் கண்கலங்கினார்கள், ஆப்பிரிக்காக்காரர்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று எழுதி அனுப்பினார். அந்த ஓலை கடலில் இருக்கும்போது, அதே செப்டம்பரில், கார்த்தேஜில் அகஸ்டின் பிரசங்க பீடத்தில் ஏறி, ரோமிலிருந்து பதில் வந்துவிட்டது, வழக்கு முடிந்தது என்று அறிவித்தார். இந்த வாக்கியம் இன்றுவரை பழமொழியாக உலவுகிறது. சொன்ன நேரத்தில் வழக்கு மறுபடி திறந்து கிடந்தது.

ஆப்பிரிக்கா சும்மா இருக்கவில்லை. குதிரை போனதோ இல்லையோ, ஆட்கள் ரவென்னாவுக்குப் போனார்கள். 418 ஏப்ரல் 30-ஆம் தேதி கோழிப் புகழ் ஹொனோரியுஸ் ஆணை பிறப்பித்தார்: பெலாஜியஸும் செலஸ்தியுஸும் ரோமிலிருந்து வெளியேற்றம். மறுநாள் மே 1, கார்த்தேஜில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பிஷப்புகள் கூடி விதிகள் வகுத்தார்கள். அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். புனிதர்களும் ‘எங்கள் கடன்களை மன்னியும்’ என்று தினமும் ஜெபிக்கிறார்களே, அது எப்படி என்று பெலாஜியஸ் கட்சியை மடக்குவார்கள். அவர்கள் அதை மற்றவர்களுக்காகச் சொல்கிறார்கள், அல்லது பணிவுக்காகச் சொல்கிறார்கள் என்று இவர்கள் சமாளிப்பார்கள். சங்கம் சொன்னது: அப்படிச் சொல்கிறவனுக்குச் சாபம், புனிதர்கள் நிஜமாகவே கடன்பட்டவர்கள். பாவியாக இருக்கும் உரிமையைப் புனிதர்களுக்குச் சட்டம் போட்டு மீட்டுக் கொடுத்த கூட்டம் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும்.

சோசிமுஸ் காற்றடிக்கும் திசை பார்த்து அந்தக் கோடையிலேயே கண்டன ஓலை எழுதிக் கையெழுத்துக்குச் சுற்றுக்கு விட்டார். நேற்றுவரை பெலாஜியஸின் ஆதரவாளர் என்று பேர் எடுத்திருந்த சிக்ஸ்துஸ் என்ற ரோமாபுரி குரு முந்திக்கொண்டு சபித்தார். அவர் 432-இல் போப்பாண்டவர் ஆனார். பெலாஜியஸ் அதன் பிறகு சரித்திரத்திலிருந்தே காணாமல் போகிறார். எங்கே செத்தார், எப்போது செத்தார், யாருக்கும் தெரியாது.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்ற இத்தாலிய பிஷப்புகள் 18 பேர். அவர்களில் கெட்டிக்காரர் எக்லானும் ஊர் பிஷப் ஜூலியன். அவருடைய அப்பாவும் பிஷப், அகஸ்டினின் சிநேகிதர். பையனை என்னிடம் அனுப்பி வையுங்கள் என்று ஒரு காலத்தில் அகஸ்டினே கேட்டு எழுதியிருந்தார். பையன் ஆளாக வரவில்லை, புத்தகமாக வந்தான். முதலில் நான்கு பாகம், பிறகு எட்டு பாகம். ஆப்பிரிக்காக்காரன், கழுதைகளின் காவலன், இன்னும் மாறாத மணிக்கேயன் என்று திட்டு. கடைசிச் சொல் கொஞ்சம் சுருக்கென்று தைக்கும். ஏனென்றால் அகஸ்டின் இளமையில் ஒன்பது வருஷம் மணிக்கேயர்களோடு இருந்தவர். பாவம் செய்வது நானில்லை, எனக்குள் இருக்கும் இருட்டுச் சக்தி என்று சொல்லிக்கொள்ள அங்கே சௌகரியம் இருந்தது. மோனிகா சின்ன வயதில் திருட்டுத்தனமாக ஒயின் குடித்ததை அகஸ்டின் தம் புத்தகத்தில் எழுதியிருந்தாரா? ஜூலியன் அதையும் விடவில்லை, அம்மாவை இழுத்தார். பதிலுக்கு அகஸ்டின், உன் தாய் தந்தையரை நான் மதிக்கிறேன், நீ பதிதன் ஆனதைப் பார்க்காமல் முன்பே கண்மூடினார்களே, அதற்காக அவர்களை வாழ்த்துகிறேன் என்றார். பிஷப்புகள் பேசிக்கொள்ளும் முறை இது.

திட்டுகளை ஒதுக்கிவிட்டுப் படித்தால் ஜூலியன் கேட்டது சாதாரணக் கேள்வி அல்ல. சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம், பிசாசை விரட்ட முகத்தில் ஊதுகிறோம். பாவம் இல்லையென்றால் எதற்கு ஊதுகிறோம் என்பது அகஸ்டினின் பிடி. சடங்கு முதலில் வந்தது, அதற்கேற்ற குற்றத்தைப் பிறகு கண்டுபிடித்தார்கள். அந்தத் தர்க்கத்தில் அகஸ்டின் கடைசிவரை நடந்தார்: ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைக்கு மோட்சம் இல்லை. நரகம்தான், ஆனால் இருப்பதிலேயே லேசான தண்டனை. லேசான என்ற அந்த ஒரு சொல்லில் அகஸ்டினின் மனசு கூசியது தெரிகிறது. ஜூலியன் அந்தக் கூச்சத்துக்கு இடம் கொடுக்கவில்லை. பிறந்த குழந்தையை நரகத்துக்கு அனுப்பும் கடவுளா? அவரவர் சொந்தப் பாவங்களை மன்னிக்கிறவர், இன்னொருவன் பாவத்துக்காகச் சிசுவைத் தண்டிப்பாரா? நீ கும்பிடுவது நீதியுள்ள கடவுளை அல்ல, சிசுக்களைத் துரத்துகிற ஒருவனை என்றார். அகஸ்டினின் பதில், சுற்றிப் பார் என்பதுதான். குழந்தைகள் நோயில் துடிக்கின்றன, குறையோடு பிறக்கின்றன. கடவுள் நீதியுள்ளவர் என்றால் இதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும் அல்லவா? ஒருவர் கடவுளின் நீதியைக் காப்பாற்றக் குழந்தையை விடுவித்தார். மற்றவர் அதே நீதியைக் காப்பாற்றக் குழந்தையை உள்ளே போட்டார்.

என்னைக் கேட்டால், குழந்தைகள் விஷயத்தில் நான் ஜூலியன் கட்சி. பெரியவர்கள் விஷயத்தில் அகஸ்டின் கட்சி. எந்த வயதில் கட்சி மாறுவது என்று கேட்டால், பாகப்பிரிவினை வயதில் என்பேன். ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கு மோட்சம் கிடைக்கும் என்று நம்ப இடமிருக்கிறது என வத்திக்கானின் இறையியல் ஆணையம் அறிக்கை வெளியிட்டது 2007-இல். அந்த முறைத்த குழந்தைக்கு ஜாமீன் கிடைக்க ஏறத்தாழ 1600 வருஷம்.

ஜூலியன் நாடு நாடாக அலைந்தார். பஞ்சம் வந்தபோது தம் சொத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டதாக ஒரு குறிப்பு இருக்கிறது. மனித இயல்புக்குச் சாதகமாக அந்த வழக்கில் பதிவான ஒரே ஆவணம் என்று நினைக்கிறேன். அகஸ்டின் அவருடைய எட்டு பாகத்துக்கும் வரிக்கு வரி பதில் எழுதிக்கொண்டே போனார். ஆறாம் பாகம் முடியும்போது வாண்டல்கள் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் வேறு கோஷ்டி. 75 வயதில் காய்ச்சலில் படுத்தவர், தாவீதின் மனஸ்தாப சங்கீதங்களைத் தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லி, வைத்தியரையும் சாப்பாடு கொண்டு வருகிறவர்களையும் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, படித்துப் படித்து அழுதார். 430 ஆகஸ்ட் 28-இல் இறந்தார். தம் கோட்பாட்டை ஊருக்கு மட்டும் சொன்னவர் அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்த வருஷம் எபேசு பொதுச் சங்கம் செலஸ்தியுஸ் கட்சியை மொத்தமாகச் சபித்தது. ஜூலியனின் எட்டு பாகங்கள் தனியாக எங்கும் இல்லை. ஆனால் மறுப்பதற்காக அகஸ்டின் அவற்றை வார்த்தை விடாமல் எடுத்து எழுதியிருந்ததால், முதல் ஆறு பாகமும் அகஸ்டினின் புத்தகத்துக்குள்ளேயே பத்திரமாக இருக்கின்றன. பெலாஜியஸின் எழுத்து பிழைத்த விதம் இதைவிடத் தமாஷ். பவுலின் நிருபங்களுக்கு அவர் எழுதிய உரையையும், தெமேத்ரியாவுக்கு எழுதிய கடிதத்தையும் நூற்றாண்டுக் கணக்கில் சந்நியாசிகள் பயபக்தியோடு பிரதி எடுத்துக் காத்தார்கள். மேலே போட்டிருந்த பெயர்: புனித ஜெரோம். கஞ்சி ஜெரோம்தான். தம் விசுவாசம் சுத்தமானது என்று நிரூபிக்க பெலாஜியஸ் ரோமுக்கு அனுப்பி, போப்பாண்டவர் செத்த பிறகு போய்ச் சேர்ந்த அந்த அறிக்கையும் பிழைத்தது. சில பிரதிகளில் அது ஜெரோம் எழுதியதாக இருக்கிறது. மற்றச் சிலவற்றில், புனித அகஸ்டினின் பிரசங்கம்.